குரோமோசோம் சொல்லும் குலவரலாறு

நுழையும்முன்

முகச்சாயலைக் கொண்டு உறவைக் கணிப்பது மனித இயல்பு. ஊருக்குப் புதிதாக வந்த இளைஞனைப் பார்த்து, ‘நீ இன்னார் பேரன்தானே?’ என்று முதியோர் கேட்பது அதனால்தான். அக்கணிப்பு பல வேளைகளில் சரியாக அமையும். சில வேளைகளில் பொய்த்துப்போகும். பறவைகளின் உறவுமுறையை ஆராய்ந்த அறிஞர்களுக்கும் இந்நிலை நேர்ந்தது. அலகையும் நகத்தையும் பார்த்துக் கணித்த உறவுகளை, செல்லுக்குள் இருக்கும் குரோமோசோம்கள் எவ்வாறு சோதித்தன என்பதை இப்பாடம் விளக்குகிறது.

மூன்று ஊனுண்ணிப் பறவைகள்

நீலகிரிக்கு வடக்கே மாயாற்றுப் பள்ளத்தாக்கின் மேல் வெண்முதுகுப் பாறுகள் வட்டமிடுகின்றன. தலையிலும் கழுத்திலும் இறகு குறைந்த இப்பறவைகள் இறந்த விலங்குகளை உண்டு காட்டைத் தூய்மை செய்பவை. உலகின் மறுகோடியில், அமெரிக்கக் கண்டத்து மலைகளின் மேல் காண்டோர் என்னும் பெரும்பறவை வட்டமிடுகிறது. விரித்த சிறகின் அகலம் ஏறத்தாழ 3 மீட்டர். அதற்கும் தலை மொட்டை, உணவும் பிணமே. மூன்றாவது பறவை பொரி வல்லூறு. செங்குத்தான பாறை முகடுகளில் கூடமைத்து, வானத்திலிருந்து அம்புபோல் பாய்ந்து, பறக்கும் இரையைப் பற்றுவது. கொக்கி போன்ற அலகும் கூரிய நகங்களும் உடையது. பருந்துக்கும் அப்படியே.

இம்மூன்றையும் பார்க்கும் எவரும் ஒரு முடிவுக்கு எளிதில் வந்துவிடுவர். காண்டோரும் பாறும் உடன்பிறப்புகள். வல்லூறும் பருந்தும் பங்காளிகள். அனைத்தும் ஒரே குலம். நெடுங்காலம் பறவையியல் நூல்களும் ஏறத்தாழ இவ்வாறே கூறின. பகலில் இரைதேடும் ஊனுண்ணிப் பறவைகள் யாவும் ஒரே வரிசையில் வைக்கப்பட்டன. தமிழ்ப் பேச்சுவழக்கும் இதற்கு விலக்கன்று. பருந்துக் குடும்பத்தைச் சேர்ந்த வைரியையும், அதனின் வேறான பொரி வல்லூற்றையும் ‘வல்லூறு’ என்னும் ஒரே சொல்லால் மக்கள் அழைப்பதுண்டு. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவதைச் சொல்லும் ஒன்றாக்கிவிடுகிறது.

ஆனால், ஒரே தொழிலைச் செய்பவர்களின் கருவிகள் ஒத்திருப்பதில் வியப்பில்லை. பிணத்தின் உடலுக்குள் தலையை நுழைத்து உண்ணும் பறவைக்குத் தலையில் இறகு இடையூறே. இரையைக் கிழிக்கும் பறவைக்குக் கொக்கி அலகு வேண்டும். வாழ்க்கைமுறை ஒன்றாக இருப்பின், வெவ்வேறு குலங்களும் ஒரே உருவத்தை அடையக்கூடும். அப்படியாயின், வாழ்க்கைமுறையால் எளிதில் மாறாத சான்று ஒன்று வேண்டும். அதனை அறிஞர்கள் செல்லின் உட்கருவுக்குள் தேடினர்.

காந்தளும் கைத்தவறும்

உயிரினங்களின் மரபுச் செய்தி டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையில் எழுதப்பட்டுள்ளது. செல் பிளவுறும் வேளையில் அவ்விழை இறுகச் சுருண்டு குச்சி போன்ற உருவங்களாகத் திரளும். அவையே குரோமோசோம்கள். தாயிடமிருந்து ஒரு பாதியும் தந்தையிடமிருந்து மறுபாதியும் வருவதால் அவை இணை இணையாக அமைகின்றன. மனிதருக்கு 23 இணைகள், அதாவது 46. கோழிக்கு 39 இணைகள், அதாவது 78.

இவற்றை எண்ணுவது எளிய செயலன்று. செல் பிளவுறும் சிறுபொழுதில் மட்டுமே அவை தெளிவாகத் தோன்றும். அப்போதும் வைக்கோற்போர் போல ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். இந்த இடர்ப்பாட்டை நீக்கியவை இரண்டு. ஒன்று கோல்ச்சிசின் என்னும் வேதிப்பொருள். அது செல் பிளவைக் குரோமோசோம்கள் நன்கு திரண்டிருக்கும் நிலையில் நிறுத்திவிடும். தமிழ்நாட்டின் மாநில மலராகிய செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் இருக்கும் நச்சுப்பொருள் இதுவே. மற்றொன்று ஒரு கைத்தவறு. 1952ஆம் ஆண்டில், அமெரிக்காவில் பணியாற்றிய டி. சி. சூ என்னும் அறிஞர், செல்களில் குரோமோசோம்கள் அழகாகப் பிரிந்து பரவிக் கிடப்பதைக் கண்டு திகைத்தார். மீண்டும் செய்தபோது அவ்வாறு அமையவில்லை. பல மாதங்கள் முயன்ற பின்னரே காரணம் விளங்கிற்று. செல்களைக் கழுவும் உப்புக்கரைசலில் யாரோ தவறுதலாக நீரை மிகுதியாகச் சேர்த்திருந்தனர். உப்புக் குறைந்த நீர் செல்லுக்குள் புகுந்து அதனை ஊதச் செய்ய, உள்ளிருந்த குரோமோசோம்கள் தனித்தனியே விலகின. கரைசலைக் கலந்தவர் யார் என்பது இறுதிவரை தெரியவில்லை. மனிதக் குரோமோசோம்கள் 48 அல்ல, 46 என்பது 1956இல் உறுதிப்பட இம்முறை பெரிதும் உதவியது.

பறவை ஆய்வாளருக்கு மேலும் ஒரு வாய்ப்பு உண்டு. புதிதாக முளைக்கும் இறகின் அடித்தண்டில் குருதியோட்டமும் விரைந்து பிளவுறும் செல்களும் நிறைந்திருக்கும். பறவையைக் கொல்லாமல், ஓர் இளம் இறகைப் பறித்தே ஆய்வுக்குரிய செல்களைப் பெறலாம். அவ்வாறு பெற்ற குரோமோசோம்களைச் சாயமிட்டு, ஒளிப்படம் எடுத்து, பெரியது முதல் சிறியது வரை இணை இணையாக அடுக்கிவைக்கும் படமே கேரியோடைப் எனப்படுகிறது.

மாறாத எண்பது

பறவைகளின் கேரியோடைப்பை முதன்முதலில் கண்டோர் குழப்பமுற்றனர். ஒரு சில குரோமோசோம்கள் பெரியனவாகவும், எஞ்சியவை தூசுபோல் மிகச் சிறியனவாகவும் இருந்தன. கோழியின் 39 இணைகளில் ஏறத்தாழ 30 இணைகள் இத்தகைய நுண்குரோமோசோம்களே. இவை உண்மையான குரோமோசோம்கள்தாமா என்றே 1950களில் ஐயம் எழுப்பப்பட்டது. அந்த ஐயம் பெரும்பிழை எனப் பின்னர்த் தெரிந்தது. கோழியின் டி.என்.ஏ.வில் ஏறத்தாழக் கால் பங்கே நுண்குரோமோசோம்களில் உள்ளது; ஆனால், மரபணுக்களில் ஏறத்தாழப் பாதி அங்கேதான் செறிந்துள்ளது. அளவில் சிறியது பயனிலும் சிறியதாக இருக்கும் என்னும் எண்ணம் அறிஞரையும் விடுவதில்லை.

1960களில் பறவைக் குரோமோசோம் ஆய்வு பல நாடுகளில் விரிவடைந்தது. காசி இந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரே-சௌத்ரி குழுவினர் பறவைகளின் குரோமோசோம்களை ஒப்பிட்டு 1969இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டனர். ஜப்பானிய அறிஞர்களான டகாகி, சசாகி ஆகியோர் 1974இல் பல வரிசைகளைச் சேர்ந்த பறவைகளை ஒப்பிட்டனர். இவ்வாய்வுகளில் ஒரு வியப்பான உண்மை வெளிப்பட்டது. கோழி 78, ஈமு 80, தீக்கோழி 80, வான்கோழி 80, பாடும் பறவையான வரிச்சில்லை 80. பறக்காத பெரும்பறவையும் உள்ளங்கையில் அடங்கும் சிறுகுருவியும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையைக் கொண்டிருந்தன.

இதன் அருமை பாலூட்டிகளோடு ஒப்பிடும்போது விளங்கும். காடுகளில் குரைக்கும் ஒலியெழுப்பும் இந்தியக் கேளையாட்டில் பெண்ணுக்கு 6 குரோமோசோம்களும் ஆணுக்கு 7 குரோமோசோம்களும் மட்டுமே உள்ளன. அதன் நெருங்கிய உறவான சீனக் கேளையாட்டுக்கோ 46. ஒரே பேரினத்துக்குள் இவ்வளவு வேறுபாடு. பறவைகளோ பல கோடி ஆண்டுகளாகப் பிரிந்து வாழ்ந்தும் எண்பதை விட்டு அதிகம் விலகவில்லை.

விலகியவையும் உண்டு. கொண்டலாத்திக்கு 126 குரோமோசோம்கள். ஐரோப்பியக் கண்கிலேடிக்கு 40 அல்லது 42 என்று எண்ணப்பட்டுள்ளது. மாறாமை பொதுவிதியாக இருக்கும் கூட்டத்தில், மாறியவை தனித்துத் தெரியும். மாறியவை எங்கே, எப்படி மாறின என்று கேட்பதிலிருந்தே குலவரலாற்று ஆய்வு தொடங்குகிறது.

வண்ணம் தீட்டும் கலை

எண்ணிக்கை ஒன்றை மட்டும் கொண்டு உறவை முடிவுசெய்ய இயலாது. இரு வீடுகளில் ஐந்து ஐந்து பேர் இருப்பதால் அவை ஒரே குடும்பம் ஆகிவிடா. இப்பறவையின் முதற்குரோமோசோமும் அப்பறவையின் முதற்குரோமோசோமும் ஒரே மூதாதையிடமிருந்து வந்தவையா என்பதை அறிந்தாக வேண்டும். சாயமிட்ட குச்சிகளைக் கண்ணால் பார்த்து இதனைச் சொல்ல இயலவில்லை. நுண்குரோமோசோம்களைப் பொறுத்தவரை அறவே இயலவில்லை.

இதற்குத் தீர்வாக வந்ததே குரோமோசோம் வண்ணமிடல். கோழியின் குரோமோசோம்களைக் கருவியின் துணையால் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, அவற்றின் டி.என்.ஏ.வில் ஒளிரும் சாயத்தை இணைப்பர். அதனை வேறொரு பறவையின் குரோமோசோம்கள்மேல் இடும்போது, ஒத்த எழுத்தமைப்புள்ள இடத்தைத் தேடிச்சென்று அது ஒட்டிக்கொள்ளும். நுண்ணோக்கியில் அவ்விடம் ஒளிரும். கோழியின் முதற்குரோமோசோம் அப்பறவையில் எங்கே இருக்கிறது, முழுதாக இருக்கிறதா, துண்டுபட்டிருக்கிறதா என்பதையெல்லாம் கண்ணால் காணலாம்.

1999இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கோழியின் சாயங்களை ஈமுவின் குரோமோசோம்கள்மேல் இட்டனர். கோழியும் ஈமுவும் பறவைக் குலத்தின் இரு பெருங்கிளைகளைச் சேர்ந்தவை. எட்டுக் கோடி ஆண்டுகளுக்கும் மேலாகப் பிரிந்து நிற்பவை. ஆயினும், ஒவ்வொரு சாயமும் ஈமுவில் ஓர் இணையை மட்டுமே முழுமையாக ஒளிரச் செய்தது. விலக்கு ஒன்றே: கோழியின் நான்காம் குரோமோசோமுக்குரிய சாயம் ஈமுவில் ஒரு பெரிய இணையிலும் ஒரு நுண் இணையிலும் ஒளிர்ந்தது.

இச்சிறு விலக்கு ஒரு பெரிய கேள்வியை எழுப்பியது. மூதாதைப் பறவையில் அது ஒன்றாக இருந்து ஈமுவில் உடைந்ததா? அல்லது இரண்டாக இருந்து கோழியில் ஒட்டியதா? விடை காண மற்றப் பறவைகளைக் கேட்க வேண்டும். தீக்கோழியில் அவை இரண்டாக உள்ளன. வான்கோழியில் இரண்டாக உள்ளன. சோதித்த பிற வரிசைகள் பெரும்பாலானவற்றிலும் இரண்டாகவே உள்ளன. ஆகவே, இரண்டாக இருப்பதே பழைய நிலை. ஒட்டிக்கொண்டது கோழியின் வழியில் பின்னர் நிகழ்ந்தது.

ஏடெழுதுவோரின் பிழை

இங்கே பயின்றுவரும் தருக்கம் தமிழருக்குப் புதியதன்று. ஓலைச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்த அறிஞர்கள் இதனை நன்கு அறிவர். உ. வே. சாமிநாதர் 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல ஊர்களிலிருந்து சுவடிகளைத் தேடித்திரட்டி ஒப்பிட்டார். இரு சுவடிகளில் ஒரு சொல் சரியாக எழுதப்பட்டிருப்பதால், அவ்விரண்டும் நெருங்கிய படிகள் என்று கூற முடியாது. மூலத்தில் இருந்த சொல் எல்லாப் படிகளிலும் இருக்கக்கூடும். ஆனால், இரண்டிலும் ஒரே இடத்தில் ஒரே பிழை காணப்பட்டால் நிலைமை வேறு. அப்பிழை முதலில் நேர்ந்த ஏதோ ஒரு சுவடியிலிருந்தே இரண்டும் படியெடுக்கப்பட்டிருக்க வேண்டும் என ஊகிக்கலாம்.

குரோமோசோம்களிலும் இவ்வாறே. பழைய எண்பது இரு பறவைகளிலும் மாறாமல் இருப்பது அவற்றின் நெருக்கத்தைக் காட்டாது. மூதாதைச் செல்வத்தை இருவரும் இழக்கவில்லை என்பதை மட்டுமே அது காட்டும். ஒரே இடத்தில் நேர்ந்த உடைப்பு, ஒரே இரு துண்டுகள் சேர்ந்த ஒட்டு, இவையே உறவுக்குச் சான்று. இந்த வேறுபாட்டை மறந்தவர்கள் வழி தவறினர்.

எச்சரிக்கையும் தேவை. ஒரே பிழையை இரு எழுத்தர்கள் தனித்தனியே செய்வதும் உண்டு. கோழியில் நேர்ந்த அந்த நான்காம் குரோமோசோம் ஒட்டு, கிரேலாக் என்னும் காட்டு வாத்திலும் தனியே நேர்ந்திருக்கிறது. ஒரே ஒரு சான்றைப் பற்றிக்கொண்டு ஆய்வாளர் தீர்ப்பெழுதாதது இதனால்தான்.

நல்ல பிழையொன்றுக்கு எடுத்துக்காட்டு சிட்டுக்குருவி, காகம், மைனா முதலிய பறவைகள் அடங்கிய குருவி வரிசையில் உள்ளது. கோழியில் ஒரே துண்டாக இருக்கும் முதற்குரோமோசோம் இவற்றில் இரண்டாக உடைந்துள்ளது. உலகப் பறவை இனங்களில் பாதிக்கு மேற்பட்டவை இவ்வரிசையைச் சேர்ந்தவை. காகமும் சிட்டுக்குருவியும் உருவில் எவ்வளவு வேறுபட்டாலும் அவ்வுடைப்பு அவற்றை ஒன்றாகப் பிணைக்கிறது.

தெரிந்து தெளிவோம்

மனிதரில் எக்ஸ், ஒய் என்னும் பால் குரோமோசோம்கள் இரண்டும் ஆணிடம் உள்ளன. பறவைகளில் இது தலைகீழ். ஆணுக்கு இரண்டு இசட் குரோமோசோம்கள். பெண்ணுக்கு ஓர் இசட், ஒரு டபிள்யூ. எனவே, குஞ்சு சேவலா பெட்டையா என்பதைத் தாய்க்கோழியின் முட்டையே முடிவுசெய்கிறது. பெரும்பாலான பறவைகளில் டபிள்யூ தேய்ந்து சிறுத்துவிட்டது. ஈமு, தீக்கோழி முதலியவற்றில் அது இன்றும் ஏறத்தாழ இசட் அளவே உள்ளது. இவ்விரண்டும் அடங்கிய கிளை பறவைக் குலத்திலிருந்து மிகத் தொடக்கத்திலேயே பிரிந்தது என்பதோடு இச்செய்தி பொருந்துகிறது.

பாறும் காண்டோரும் வல்லூறும்

இப்போது தொடக்கத்தில் கண்ட மூன்று பறவைகளிடம் திரும்பலாம்.

கழுகு, பருந்து, பாறு ஆகியவை அடங்கிய குடும்பத்தின் கேரியோடைப் மற்றப் பறவைகளிலிருந்து பெரிதும் மாறுபட்டது. கிரிஃபான் பாறுக்கு 66 குரோமோசோம்கள். தென்னமெரிக்க ஹார்ப்பிக் கழுகுக்கு 58. கண்ணைக் கவரும் பெருங்குரோமோசோம்கள் இவற்றில் இல்லை. தூசு போன்ற நுண்குரோமோசோம்களும் மிகச் சிலவே. கோழிச் சாயத்தை இட்டபோது காரணம் வெளிப்பட்டது. கோழியின் முதற்குரோமோசோமுக்கு ஒத்த பகுதி இவற்றில் பல துண்டுகளாக உடைந்து வெவ்வேறு இணைகளில் கிடந்தது. பெரியவை உடைந்தன, சிறியவை ஒட்டின, இறுதியில் எல்லாம் நடுத்தர அளவாயின. பருந்தும் கழுகும் பாறும் இத்தகைய மாற்றத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. ஆகவே, மாயாற்றுப் பாறு மொட்டைத்தலையுடைய கழுகே என்பதில் ஐயமில்லை.

காண்டோரின் கதை வேறு. கலிஃபோர்னியக் காண்டோரின் குரோமோசோம்கள் 80. கோழிச் சாயங்களை அதன்மேல் இட்ட ஆய்வு 2002இல் வெளியானது. பெருங்குரோமோசோம்கள் ஏறத்தாழக் கோழியில் உள்ளவாறே முழுமையாக ஒளிர்ந்தன. பாறின் துண்டுபட்ட கேரியோடைப்புக்கும் இதற்கும் ஒற்றுமையே இல்லை. மொட்டைத்தலையும் பிணந்தின்னும் பழக்கமும் இரு கண்டங்களில் தனித்தனியே தோன்றியவை என்பது இதனால் வலுப்பெற்றது.

அப்படியானால், காண்டோர் யாருடைய உறவு? இவ்வினாவில் அறிஞர் உலகம் சற்றுத் தடுமாறியது. அமெரிக்கப் பாறுகள் உண்மையில் நாரைகளின் உறவினர் என்னும் கருத்து உடற்கூறு ஆய்வுகளிலிருந்தே எழுந்தது. 1990களில் பெரும்செல்வாக்குப் பெற்றது. அமெரிக்கப் பறவையியலாளர் சங்கம் 1998ஆம் ஆண்டுப் பட்டியலில் இப்பறவைகளை நாரை வரிசைக்கே மாற்றிவிட்டது. காண்டோரும் பாறும் குரோமோசோமில் வேறுபடுவது இக்கருத்துக்குத் துணைபோவதாகத் தோன்றலாம். ஆனால், சுவடி ஒப்பீட்டின் விதியை இங்கே நினைவுகூர வேண்டும். காண்டோரின் 80 என்பது பழைய மூலபாடம், அது பிழையன்று. பழையதைக் காத்து வைத்திருப்பது அதனை நாரையோடு சேர்க்கவும் போதாது. கழுகிலிருந்து விலக்கவும் போதாது. உடைப்பும் ஒட்டும் நிகழ்வதற்கு முன்பே கழுகின் மூதாதையிடமிருந்து காண்டோர் பிரிந்திருந்தால், அதன் குரோமோசோம்கள் இப்படித்தான் இருக்கும்.

அவ்வாறே நிகழ்ந்திருக்கிறது. டி.என்.ஏ.வின் எழுத்துவரிசையை நேரடியாக ஒப்பிடும் ஆய்வுகள் வளர்ந்தபோது, அமெரிக்கப் பாறுகள் கழுகுக் குலத்தின் மூத்த கிளை என்பது தெளிவாயிற்று. 2007இல் அச்சங்கம் நாரை வரிசையிலிருந்து அவற்றை மீண்டும் வெளியே எடுத்தது. மொட்டைத்தலையை நம்பிக் காண்டோரைப் பாறின் உடன்பிறப்பு என்றவர்கள் தவறினர். உறவே இல்லை என்று நாரையிடம் சேர்த்தவர்களும் தவறினர். உண்மை இடையில் இருந்தது.

வல்லூற்றின் கதை இதனினும் சுவையானது. பொரி வல்லூற்றுக்கு 50 குரோமோசோம்கள், அதன் இனமான கெஸ்ட்ரலுக்கு 52, மெர்லினுக்கு 40. எண்ணிக்கை குறைந்திருப்பதாலும் நுண்குரோமோசோம்கள் அருகியிருப்பதாலும் இவற்றைக் கழுகுக்கு நெருங்கியவை என்று கருத இடமிருந்தது. வண்ணமிட்டுப் பார்த்தபோது அந்த ஒற்றுமை மேலெழுந்தவாரியானது எனத் தெரிந்தது. கழுகில் பெரியவை பல துண்டாயின. வல்லூற்றில் மேலோங்கி நிற்பது ஒட்டு: நுண்குரோமோசோம்கள் தம்முள்ளும் பெரியவற்றோடும் இணைந்தன. இரு சுவடிகளிலும் பிழைகள் மலிந்திருந்தன. ஆனால், அவை ஒரே பிழைகள் அல்ல.

2008இல் 169 வகைப் பறவைகளின் டி.என்.ஏ.வை ஒப்பிட்ட பெரும் ஆய்வு வெளிவந்தபோது பலரும் திகைத்தனர். வல்லூறுகள் கழுகின் பங்காளிகள் அல்லர். அவற்றின் நெருங்கிய சுற்றம் கிளிகளும் குருவி வரிசைப் பறவைகளும் ஆகும்! 2014இல் 48 பறவைகளின் முழு மரபுத்தொகுதியையும் ஆராய்ந்த பன்னாட்டுக் குழுவும் இதனையே உறுதிசெய்தது. வானத்தில் பாயும் பொரி வல்லூறு, அதே வானத்தில் பறக்கும் பருந்தைவிட, கூரையில் கத்தும் சிட்டுக்குருவிக்கு நெருங்கிய உறவு.

கிளிகளின் குரோமோசோம்களிலும் ஒட்டுகள் மிகுதி. பட்ஜெரிகர் என்னும் சிறுகிளிக்கு ஏறத்தாழ 60தான். இதனைக் கண்டதும், கிளியையும் வல்லூற்றையும் சேர்க்கும் சான்று இதோ என்று துள்ளத் தோன்றும். ஆனால், கழுகு கற்பித்த பாடம் இங்கும் பொருந்தும். எவ்வளவு ஒட்டியது என்பதன்று கேள்வி. எதனோடு எது ஒட்டியது என்பதே கேள்வி. அந்த உறவை நிலைநாட்டியது டி.என்.ஏ. எழுத்துவரிசையே, குரோமோசோம் எண்ணிக்கை அன்று. குரோமோசோம் சான்றின் வலிமையை மட்டுமன்றி எல்லையையும் அறிந்திருப்பது ஆய்வாளருக்கு அழகு.

டைனோசருக்கும் முன்னே

பறவைகள் டைனோசர்களின் வழித்தோன்றல்கள் என்பது இன்று ஏற்கப்பட்ட உண்மை. புதைபடிவத்தில் எலும்பு எஞ்சும், குரோமோசோம் எஞ்சாது. இருப்பினும், டைனோசரின் குரோமோசோம்கள் எவ்வாறு இருந்தன என்று ஊகிக்க வழியுண்டு. பறவையையும், டைனோசருக்கு முன்பே கிளைத்த ஆமையையும் ஒப்பிட்டு, இரண்டிலும் பொதுவாக இருப்பதைக் கண்டறிந்தால் அது அவற்றின் பொது மூதாதையிடமே இருந்திருக்க வேண்டும். இங்கிலாந்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இம்முறையைப் பின்பற்றி 2018இல் தம் முடிவை வெளியிட்டனர். இன்றைய பறவையின் குரோமோசோம் அமைப்பில் பெரும்பகுதி ஏறத்தாழ 25.5 கோடி ஆண்டுகளுக்கு முன்பே, டைனோசர்கள் தோன்றுவதற்கு முன்பே, உருவாகிவிட்டது என்பது அவர்களின் கருத்து. கோழியின் நுண்குரோமோசோம்கள் டைனோசருக்கும் மூத்தவை.

உயிருள்ளவற்றுள் பறவைக்கு மிக நெருங்கிய உறவு முதலை. அதனிடமோ நுண்குரோமோசோம்களே இல்லை. தொலைவில் நிற்கும் ஆமை மூதாதையின் சொத்தைக் காத்தது. அருகில் நிற்கும் முதலை அதனை ஒட்டியும் சேர்த்தும் உருமாற்றிவிட்டது. காண்டோரிலும் கழுகிலும் கண்ட அதே வேறுபாடு இங்கும் தோன்றுகிறது.

இவ்வளவு ஆய்வுக்குப் பின்னும், உலகின் ஏறத்தாழ 11,000 பறவை இனங்களில் பத்தில் ஒரு பங்குக்கு மட்டுமே கேரியோடைப் அறியப்பட்டுள்ளது. எஞ்சியவற்றுள் என்னென்ன வியப்புகள் உள்ளனவோ, இறகு பறித்துப் பார்த்தால்தான் தெரியும். அறிந்தவற்றிலும் விளங்காதவை உண்டு. கொண்டலாத்தியும் இருவாட்சியும் டி.என்.ஏ. ஆய்வின்படி நெருங்கிய சுற்றத்தார். இன்று ஒரே வரிசையில் வைக்கப்பட்டுள்ளன. கொண்டலாத்திக்கு 126 குரோமோசோம்கள் என்பது முன்னரே கூறப்பட்டது. ஆப்பிரிக்காவில் வாழும் எக்காள இருவாட்சியின் குரோமோசோம்களோ 40 மட்டுமே. ஒரே மூதாதையின் பிள்ளைகளுள் ஒன்றில் எல்லாம் உடைந்தன. மற்றொன்றில் எல்லாம் ஒட்டின. ஒரே வீட்டில் இவ்விரண்டும் எவ்வாறு நிகழ்ந்தன என்பது இன்னும் விடைகாணப்பட வேண்டிய வினாவாகும்.